ஆறின வாயு எங்கே போச்சு?

எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு சடங்கு உண்டு. அம்மா பாலைக் காய்ச்சி இறக்கி, மேடையில் வைத்துவிட்டு, அது ஆறுவதற்காகக் காத்திருப்பார். நடுநடுவே விரலை வைத்துப் பார்ப்பார். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு ஸ்பூன் தயிரை விட்டு உறை குத்திவிட்டுத்தான் படுக்கப் போவார். சூட்டோடு ஊற்றினால் தயிர் திரிதிரியாகப் போகும். ரொம்ப ஆறிவிட்டால் விடியும்வரை பாலாகவே நிற்கும்.

ஒரு தடவை, ஒரு வாரம் முழுக்க அந்தப் பால் ஆறவே இல்லை. பத்து மணிக்குத் தொட்டால் சூடு. பத்தரைக்குத் தொட்டாலும் அதே சூடு. "இந்தப் பாலுக்கு என்ன கேடு?" என்று அம்மா குழம்பிப்போனார். காரணம் பிறகு தெரிந்தது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். ஏனென்றால், கிட்டத்தட்ட இதே கேள்வியை வைத்துக்கொண்டு வானியலாளர்கள் கால் நூற்றாண்டு அல்லாடியிருக்கிறார்கள். அவர்களுடைய பாத்திரம் கொஞ்சம் பெரிசு. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வெளிச்சம் போய்ச் சேரவே பல லட்சம் வருஷம் ஆகும்.

நம் சூரியன் பால்வீதி என்ற கேலக்ஸியில் இருக்கிறது. இந்த மாதிரி கேலக்ஸிகள் நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடி நிற்பதைத்தான் கேலக்ஸிக் கூட்டம் என்கிறோம். அதில் ரொம்பப் பிரபலமானது பெர்சியஸ் கூட்டம். நம்மிடமிருந்து சுமார் 24 கோடி ஒளியாண்டு தூரம். அதன் நட்டநடுவில் என்.ஜி.சி. 1275 என்ற பெரிய கேலக்ஸி, கல்யாண வீட்டுத் தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

சாதாரண டெலஸ்கோப்பில் எடுத்த படத்தைப் பார்த்தால் கேலக்ஸிகள் தெரியும். நடுவில் இருட்டு. அந்த இருட்டு காலி இடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1970 டிசம்பர் 12-ம் தேதி, கென்யா கடற்கரையை ஒட்டிய ஒரு மேடையிலிருந்து சின்ன செயற்கைக்கோள் ஒன்று கிளம்பியது. அன்றைக்கு அந்த நாட்டின் சுதந்திர தினம். அதனால் சுவாஹிலி மொழியில் 'விடுதலை' என்று பொருள்படும் 'உஹுரு' என்ற பெயரை வைத்தார்கள். வானத்தை எக்ஸ்-ரேயில் துழாவிப் பார்க்கத்தான் அது போனது. எக்ஸ்-ரே நம் காற்று மண்டலத்தைத் தாண்டிக் கீழே வராது. மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். உஹுரு பார்த்தபோது, கேலக்ஸிக் கூட்டங்கள் மொத்தமாக ஒளிர்ந்தன. கேலக்ஸிகளுக்கு நடுவில் இருந்த 'காலி' இடமும் சேர்ந்து ஒளிர்ந்தது.

அங்கே இருப்பது வாயு. சூடு, சில கோடி டிகிரி. எடையோ, அந்தக் கூட்டத்தில் இருக்கிற எல்லா கேலக்ஸிகளின் எல்லா நட்சத்திரங்களையும் கூட்டினால் வருவதைப்போலப் பல மடங்கு. இத்தனை நாள் கல்யாணத்துக்கு வந்தவர்களின் நகையை மட்டும் எண்ணிவிட்டு, ஆட்களை எண்ணாமல் விட்டிருக்கிறார்கள்!

கோடி டிகிரி என்றதும் பயந்துவிட வேண்டாம். அங்கே ஒரு லிட்டர் பாட்டிலைத் திறந்து மூடினால், கூட்டத்தின் நடுமையத்தில்கூட உள்ளே ஏறக்குறைய நூறு துகள்தான் இருக்கும். நம் வீட்டு ஹாலில் இதைச் செய்தால் ஒன்றுக்குப் பின்னால் இருபத்திரண்டு சைபர் போட வேண்டும். அவ்வளவு மெலிந்த வாயு. ஆனால் இடம் பெரிசு. அதனால்தான் மொத்த எடை அப்படி.

இனி சிக்கலுக்கு வருவோம். ஒளிர்கிற எதுவும் சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. வாயு எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அங்கே துகள்கள் அதிகம் மோதும், அதிகம் ஒளிரும், சீக்கிரம் ஆறும். கூட்டத்தின் ஓரத்தில் இருக்கும் வாயு ஆற, பிரபஞ்சத்தின் மொத்த வயதான 1,380 கோடி வருஷம்கூடப் போதாது. மையத்தில் இருப்பதற்கு 100 கோடி வருஷம்கூட வேண்டாம். ஆறினால் அதன் அழுத்தம் குறையும். மேலே இருக்கும் வாயு அமுக்கும். அமுக்கினால் இன்னும் நெருக்கம், இன்னும் வேகமாக ஆறும். சரிவில் உருளும் கல் கதைதான்.

1977-ல் ஆண்டி ஃபேபியன், பால் நல்சன் என்ற இருவரும், லென் கோவி, ஜேம்ஸ் பின்னி என்ற வேறு இருவரும் தனித்தனியாக இதைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். பெரிய கூட்டங்களில் வருஷத்துக்குச் சில நூறு சூரியன்களின் எடையுள்ள வாயு ஆறி, நடு கேலக்ஸியை நோக்கி இறங்க வேண்டும் என்று கணக்குகள் சொல்லின. நம் பால்வீதியில் புது நட்சத்திரங்கள் உருவாவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு சூரியன் அளவுதான். அப்படியென்றால், அந்த நடு கேலக்ஸிகளில் இத்தனை காலத்தில் லட்சம் கோடி சூரியன்களுக்கான சரக்கு குவிந்திருக்க வேண்டும். புது நட்சத்திரங்கள் பொங்கி வழிய வேண்டும்.

வழியவில்லை. கிழட்டு நட்சத்திரங்கள்தான் பெரும்பாலும். கணக்கில் தப்பா, கண்ணில் தப்பா?

ஆறின வாயுவைத் தேடுவது சுலபமில்லை. ஏனென்றால் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு தனிக் கண் வேண்டும். கோடி டிகிரிக்கு எக்ஸ்-ரே. சில லட்சம் டிகிரிக்குப் புற ஊதா. பத்தாயிரம் டிகிரிக்கு நம் கண் பார்க்கிற சாதாரண வெளிச்சம். அதற்கும் கீழே போனால் ரேடியோ. (பத்தாயிரம் டிகிரி வாயுவை 'குளிர்ந்த வாயு' என்று எழுதுகிறவர்கள் இவர்கள். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். இவர்களை நம்பி வெந்நீர் போடச் சொல்லக் கூடாது.)

அந்தப் பத்தாயிரம் டிகிரி வாயு கொஞ்சம் கிடைத்தது. 1970-ல் ரோஜர் லிண்ட்ஸ் எடுத்த படங்களில், என்.ஜி.சி. 1275-ஐச் சுற்றி ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் மின்னும் இழைகள் தெரிந்தன. இடியாப்பம் பிழியும்போது தட்டுக்கு வெளியே சிதறின மாதிரி.

அதைவிடக் குளிர்ந்தது, அதாவது மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே போன வாயு, இன்னும் தந்திரமானது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன் மூலக்கூறு. அது அந்தக் குளிரில் எந்த வெளிச்சமும் விடாமல் ஊமையாக இருக்கும். நல்லவேளை, பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதோடு கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கிறது. வண்டிப் புகையில் வருகிற அதே விஷ வாயுதான். அது எவ்வளவு குளிரிலும் சுழன்றுகொண்டு, மில்லிமீட்டர் அலைகளில் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். இருட்டுப் பஸ்ஸில் எல்லோரும் தூங்க, ஒருவர் மட்டும் போனில் உரக்கப் பேசிக்கொண்டு வருவார் இல்லையா? அவரை வைத்து பஸ் வருகிறது என்று தெரிந்துகொள்வது போல. அலஸ்டைர் எட்ஜ் என்ற வானியலாளர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட பதினாறு நடு கேலக்ஸிகளில் இந்த வாயுவைப் பிடித்துவிட்டார். என்.ஜி.சி. 1275-ல் மட்டும் சுமார் 4,000 கோடி சூரியன்களின் எடைக்குக் குளிர்ந்த வாயு இருப்பதாகப் பின்னால் வந்த அளவீடு சொன்னது.

4,000 கோடி பெரிய எண்தான். ஆனால் லட்சம் கோடி எதிர்பார்த்த இடத்தில் 4,000 கோடி என்றால் மளிகைக் கடைக்காரர்கூடக் கல்லாவை இன்னொரு தடவை எண்ணுவார்.

அதே 2001-ல்தான் பெரிய அடி விழுந்தது. ஐரோப்பாவின் எக்ஸ்.எம்.எம். நியூட்டன் என்ற எக்ஸ்-ரே தொலைநோக்கி 1999 டிசம்பரில் மேலே போயிருந்தது. எக்ஸ்-ரேயை வானவில் மாதிரிப் பிரித்துப் பார்க்கும் கருவி அதில் இருந்தது. வாயு ஆறும்போது, சில பத்து லட்சம் டிகிரிக்கு வரும் கட்டத்தில், அதில் உள்ள இரும்பு அணுக்கள் தனக்கே உரிய நிறங்களில் எக்ஸ்-ரேயை உமிழும். 26 எலெக்ட்ரான்களில் 16-ஐ இழந்து பத்தோடு நிற்கும் இரும்பு. அது ஒரு கைரேகை மாதிரி. வேறு யாருடையதும் அல்ல.

ஏபெல் 1835 என்ற கூட்டத்தைப் பார்த்தார்கள். அந்தக் கைரேகை பளிச்சென்று இருக்க வேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது. வேறு கூட்டங்களைப் பார்த்தார்கள். அதே கதை. வாயு தன் சூட்டில் மூன்றில் ஒரு பங்குவரை இறங்குகிறது. அதற்குக் கீழே பெரிய அளவில் எதையும் காணோம்.

இது ஏன் அடி என்றால், அதுவரை ஒரு சமாதானம் இருந்தது. 'ஆறின வாயு எங்கேயோ ஒளிந்திருக்கிறது, நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை' என்று. ஆனால் மாடியிலிருந்து தெருவுக்கு வருகிறவர் எங்கே போய் ஒளிந்தாலும், படிக்கட்டில் தென்பட்டே ஆக வேண்டும். படிக்கட்டில் ஆளே இல்லை என்றால், அவர் இறங்கவே இல்லை. வாயு ஒளிந்துகொள்ளவில்லை. அது ஆறவே இல்லை.

ஒளிர்கிறது, சூட்டை இழக்கிறது, ஆனாலும் ஆறவில்லை. அப்படியென்றால் யாரோ அடுப்பை மூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அது அப்பா. ராத்திரி மாத்திரை போட அவருக்கு ஒரு வாய் வெதுவெதுப்பான பால் வேண்டும். சமையலறைக்கு வருவார். பாத்திரத்தைத் தொடுவார். 'ஆறிப்போச்சே' என்று தோன்றினால் அடுப்பைப் பற்றவைத்து ஒரு நிமிஷம் சுடவைத்து, அரை டம்ளர் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போய்விடுவார். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பால் சூடாக இருந்தால் அவர் அடுப்பைத் தொடமாட்டார். ஆறினால்தான் தொடுவார். பால் ஆறுவதுதான் பாலைச் சுடவைக்கிறது! அம்மா மறுநாளே ஒரு பிளாஸ்க் வாங்கிவிட்டார். பிரச்னை தீர்ந்தது.

பெர்சியஸில் அந்த அப்பா யார் என்று காட்டிக்கொடுத்ததில் பெரும் பங்கு 'சந்திரா'வுக்கு. 1999 ஜூலை 23-ல் கொலம்பியா விண்கலத்தில் போன நாசாவின் எக்ஸ்-ரே தொலைநோக்கி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் வாங்கிய சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது. அமெரிக்கர்கள் அதை வாயார 'சாண்ட்ரா' என்று கூப்பிடும்போது எனக்கு ஏனோ ஒரு சந்தோஷம் வருகிறது.

சந்திரா எடுத்த பெர்சியஸ் படத்தில், ஒளிரும் வாயுவுக்கு நடுவே இரண்டு ஓட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் பல்லாயிரம் ஒளியாண்டு அகலம். என்.ஜி.சி. 1275-ன் மையத்தில் ஒரு ராட்சதக் கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. உள்ளே விழும் சரக்கில் ஒரு பகுதியை அது விழுங்காமல், இரண்டு பக்கமும் பீய்ச்சியடிக்கிறது. அந்தப் பீய்ச்சல் சுற்றியுள்ள வாயுவைத் தள்ளிக் குமிழி ஊதுகிறது. ஓட்டைகள் அந்தக் குமிழிகள்தான். 2003-ல் வெளிவந்த இன்னும் நுட்பமான படத்தில், குமிழிகளைச் சுற்றிக் குளத்தில் கல் போட்டது மாதிரி அலை வளையங்கள் தெரிந்தன. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் ஏறக்குறைய ஒரு கோடி வருஷ இடைவெளி. அது ஒலி அலை. ஹார்மோனியத்தின் நடுக்கட்டையிலிருந்து 57 ஸ்தாயி கீழே ஒலிக்கும் சுரம் என்று கணக்குப் போட்டார்கள். 2022-ல் நாசா அதை நம் காது கேட்கும் உயரத்துக்குத் தூக்கி இணையத்தில் போட்டது. ராத்திரி தனியாக இருக்கும்போது கேட்க வேண்டாம், வயிற்றைக் கலக்கும்.

பல கூட்டங்களில் குமிழிகளின் சக்தியையும், எக்ஸ்-ரேயாக வெளியே கசியும் சூட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போயின. சமயத்தில் அப்பா அடுப்பைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிடுவதும் உண்டு. சுமார் 39 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஓஃபியூகஸ் கூட்டத்தில் ஒரு பழைய குமிழியின் தடம் இருப்பதை 2020-ல் உறுதி செய்தார்கள். பால்வீதி மாதிரிப் பதினைந்து கேலக்ஸிகளை வரிசையாக அதற்குள் அடுக்கிவிடலாமாம். அதை உறுதி செய்ய உதவிய ரேடியோ தொலைநோக்கிகளில் ஒன்று புனேவுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்முடைய ஜி.எம்.ஆர்.டி. முப்பது பெரிய ஆன்டெனாக்கள் கொண்டது.

சரி, கருந்துளைக்கு 'ஆறிப்போச்சு' என்று எப்படித் தெரிகிறது? இங்கேதான் குளிர்ந்த வாயு மறுபடி வருகிறது. கோடி டிகிரி வாயு லேசில் கருந்துளைக்குள் விழாது, விறைத்துக்கொண்டு நிற்கும். ஆறிக் கட்டியான வாயுதான் பொத்தென்று விழும். விழுந்தால் அடுப்பு எரியும். எரிந்தால் வாயு சூடாகும், விழுவது நிற்கும். அடுப்பு தணியும். மறுபடி ஆறும். விறகும் அதுதான், ஆறுகிற பாலும் அதுதான்.

இதை நேரில் பார்க்க முடியுமா? 2016-ல் பார்த்தார்கள். சிலி நாட்டில் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 66 ஆன்டெனாக்களோடு ஆல்மா என்ற தொலைநோக்கி இருக்கிறது. அதை வைத்து கிராண்ட் ட்ரெம்ப்ளேயும் கூட்டாளிகளும், சுமார் 100 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஏபெல் 2597 கூட்டத்தின் நடு கேலக்ஸியைப் பார்த்தார்கள். கருந்துளையை ஒட்டிய பகுதி ரேடியோவில் பளபளவென்று எரிகிறது. அதற்கு முன்னால் மூன்று குளிர்ந்த மேகங்கள் நிழல் போட்டன. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பறக்கும் பூச்சி நமக்குக் கறுப்பாகத் தெரிவது மாதிரி. அந்த நிழலின் அலைநீளம் விலகியிருந்த அளவை வைத்து வேகத்தைக் கணக்கிட்டால், விநாடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். திசை, நம்மை விட்டு விலகிக் கருந்துளையை நோக்கி. அடுப்புக்கு விறகு போகிறது என்பதற்குக் கிடைத்த கண்கூடான சாட்சி.

அந்த இடியாப்ப இழைகளையும் ஹப்பிள் விட்டுவைக்கவில்லை. 2008-ல் வந்த படத்தில் ஒவ்வொரு இழைக்குள்ளும் இன்னும் மெல்லிய நூல்கள். 'மெல்லிய' என்றால் 200 ஒளியாண்டு தடிமன், 20,000 ஒளியாண்டுவரை நீளம். ஒரு நூலின் எடை சுமார் பத்து லட்சம் சூரியன். கோடி டிகிரி வாயுவுக்கு நடுவில் இந்த நூல் ஏன் ஆவியாகிப் போகவில்லை, தன் எடையால் ஏன் அறுந்து நட்சத்திரமாகச் சுருங்கவில்லை? மெலிந்த காந்தப்புலம் அதை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் பதில். நூலில் தொடுத்த பூ மாதிரி.

எல்லா வீட்டிலும் அப்பா இவ்வளவு சமர்த்து என்று சொல்ல முடியாது. சுமார் 570 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஃபீனிக்ஸ் கூட்டம் என்று ஒன்று. 2012-ல் மைக்கேல் மெக்டொனால்டும் அவருடைய குழுவும் அதன் நடு கேலக்ஸியில் வருஷத்துக்கு 740 சூரியன் வேகத்தில் நட்சத்திரங்கள் பிறப்பதாகக் கணக்கிட்டார்கள். அங்கேயும் கருந்துளை உண்டு, பீய்ச்சல் உண்டு, குமிழியும் உண்டு. ஆனாலும் ஆறுவது முந்திக்கொள்கிறது. அங்கே கோடி டிகிரி வாயுவும் தெரிந்தது, பத்தாயிரம் டிகிரி வாயுவும் தெரிந்தது. நடுப் படிக்கட்டுதான் சரியாகத் தெரியாமல் இருந்தது. 2025-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதையும் பார்த்துவிட்டது. சுமார் மூன்று லட்சம் டிகிரி வாயுவில் இருக்கும் நியான், அகச்சிவப்பில் விடும் ஒளியைப் பிடித்தது. நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, படிக்கட்டில் இறங்குகிற ஆளைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி.

முடியாத கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. அடுப்பு பாத்திரத்தின் நடுவில். பாலோ சுற்றிலும் லட்சக்கணக்கான ஒளியாண்டு. சூட்டை எது கலக்கிவிடுகிறது? கரண்டி எங்கே?

இதற்குத்தான் ஜப்பான் 2016 பிப்ரவரி 17-ல் 'ஹிடோமி'யை அனுப்பியது. ஜப்பானிய மொழியில் கண்ணின் பாப்பா. எக்ஸ்-ரே துகள் ஒன்று மோதும்போது ஏற்படும் துளியூண்டு வெப்பத்தை அளக்க வேண்டும் என்பதால், அதன் கருவியைப் பூஜ்யத்துக்கு மேலே 0.05 டிகிரிக்குக் குளிர வைத்திருந்தார்கள். வெப்பத்தின் அடிமட்டமான மைனஸ் 273-ஐச் சொல்கிறேன். கோடி டிகிரியை அளக்க அப்படியொரு குளிர் வேண்டியிருக்கிறது! பெர்சியஸைப் பார்த்தது. அங்கே வாயு விநாடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர் வேகத்தில் கலங்குகிறது என்று அளந்தது. குமிழிகள் போடும் ஆட்டத்துக்கு இது எதிர்பார்த்ததைவிடச் சாது. கரண்டி மெதுவாகத்தான் சுற்றுகிறது.

மார்ச் 26-ம் தேதி ஹிடோமி போய்விட்டது. சுழலாமல் நின்றுகொண்டிருந்த தன்னைச் சுழல்வதாகத் தப்பாக நினைத்து, அதைச் சரிசெய்யப் போய், நிஜமாகவே சுழன்று, உறுப்புகள் பிய்த்துக்கொண்டு போயின. மேலே போய் ஆறு வாரம்கூட ஆகவில்லை. பல வருஷ உழைப்பு.

விடவில்லை. 2023 செப்டம்பர் 7-ல் 'எக்ஸ்ரிஸம்' என்ற அடுத்ததை அனுப்பினார்கள். இந்தமுறை சுழலவில்லை. வேறு ஒன்று நடந்தது. கருவிக்கு முன்னால் இருக்கும் பாதுகாப்பு மூடி, மேலே போனபின் திறக்க வேண்டியது, திறக்க மறுத்துவிட்டது. முயன்று பார்த்துவிட்டு, மூடியோடே வேலையைத் தொடங்கினார்கள். வலுவான எக்ஸ்-ரே அந்த மூடியைத் தாண்டி வந்துவிடும். அதனால் சூடான வாயுவின் ஓட்டத்தை அருமையாக அளக்கிறது, பெர்சியஸையும் பார்த்திருக்கிறது. மென்மையான எக்ஸ்-ரே உள்ளே வராது. ஆறிக்கொண்டிருக்கும் வாயுவின் இரும்புக் கைரேகை இருப்பது சரியாக அந்த மென்மையான பகுதியில்தான்.

பெர்சியஸ் இருக்கும் திசையைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். டிசம்பர் மாதம் இரவு ஒன்பது, ஒன்பதரை மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் வடக்கே பார்த்து, தலையை நன்றாக உயர்த்துங்கள். அல்கோல் என்று ஒரு நட்சத்திரம், மூன்று நாளைக்கு ஒரு தடவை சில மணி நேரம் மங்கி மறுபடி பிரகாசமாகும். போனில் நட்சத்திர ஆப் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அல்கோலுக்குக் கொஞ்சம் கிழக்கே, உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அந்தத் துண்டு இருட்டில்தான் பால் கொதித்துக்கொண்டிருக்கிறது.